கோர்ட்டில் உளவியலுக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட மாணவர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த எஸ்.ஐ.க்கள், வழக்கில் மாட்டிக்கொண்ட குடும்பத்தார் என்று யாரிடம் பேசினாலும் இந்த விஷயத்தில் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் இந்தியச் சட்டத்தை ஒட்டியவை. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டதால் புதிய பிரிவு எண்ணோடு, பலருக்கும் மனப்பாடமாக இருக்கும் பழைய எண்ணையும் சேர்த்தே தருகிறேன்.

தடயவியல் உளவியல் என்றால் குற்றவாளியின் மனதைப் படிப்பதுதானே?

அது ஒரு சிறு மூலை. வேலையின் பெரும்பகுதி மற்றவர்களைப் பற்றியது. நேரில் பார்த்த சாட்சிக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும், போலீஸ் எப்படிக் கேட்டால் அந்த ஞாபகம் கெடும், ஆறு வயதுக் குழந்தையிடம் எப்படிப் பேசவேண்டும், எதிரிக்கு (கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இன்றும் இதுதான் பெயர்) தன் மீது என்ன வழக்கு நடக்கிறது என்று புரிகிறதா, தண்டனை பெற்றவர் திருந்துவாரா. இப்படிப் போகும் பட்டியல்.

கோர்ட்டுக்குள் இது நுழையும் வாசல், நிபுணர் கருத்து. பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39ஆம் பிரிவு, அதாவது பழைய சான்றுச் சட்டத்தின் 45. அறிவியல், கலை, வெளிநாட்டுச் சட்டம், கையெழுத்து, கைரேகை என்று எண்ணிக்கொண்டு போன பழைய பிரிவோடு ‘வேறு எந்தத் துறையும்’ என்பதைப் புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. வாசல் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது, அவ்வளவுதான். நிபுணர் சொன்னால் நீதிபதி கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்பது அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நார்கோ டெஸ்ட் வைத்தால் உண்மை வந்துவிடாதா?

எங்கே பேசப்போனாலும் முதல் கேள்வி இதுதான். டிவி செய்திகள் செய்த வேலை.

நார்கோவில் சோடியம் பென்டதால் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் செலுத்தி, அரைமயக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்கிறார்கள். வாய் தளரும் என்பது உண்மை. ஆனால் தளர்ந்த வாயிலிருந்து வருவதெல்லாம் உண்மை என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆசை, பயம், கேட்பவர் சொன்னதையே திரும்பச் சொல்வது எல்லாம் கலந்துதான் வரும். பாலிகிராஃப் அளப்பது மூச்சு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தோலில் ஊறும் வியர்வை. பொய் சொல்பவருக்கு இவை ஏறலாம். ‘உன் பொண்டாட்டியைக் கொன்னியா?’ என்று கேட்கப்படும் நிரபராதிக்கும் ஏறும்.

மூன்றாவதாக ஒன்று, தலையில் மின்முனைகள் பொருத்திய தொப்பியை மாட்டி, ‘நான் விஷம் வாங்கினேன்’ என்பது போன்ற வாக்கியங்களை ஒலிக்கவிட்டு அலைகளைப் பதிவது. 2008இல் புனே செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இந்தச் சோதனை முடிவையும் சான்றாக ஏற்றுத் தண்டனை கொடுத்தபோது உலகப் பத்திரிகைகளே திரும்பிப் பார்த்தன. பெருமையாக அல்ல, அதிர்ச்சியோடு.

2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று சோதனைகளுக்கும் கடிவாளம் போட்டது. சம்மதமில்லாமல் யாருக்கும் செய்யக்கூடாது. செய்தால் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3), 21ஆம் விதிகள் மீறப்படுகின்றன. சம்மதித்துச் செய்துகொண்டாலும் அறிக்கையையே சான்றாக வைக்க முடியாது. அந்தத் தகவலை வைத்து ஒரு பொருளையோ இடத்தையோ கண்டுபிடித்தால் அந்தக் கண்டெடுப்பு மட்டும் செல்லலாம். 2025 ஜூனில் வந்த இன்னொரு தீர்ப்பில், எதிரியே விரும்பிக் கேட்டாலும் நார்கோ சோதனை அவருடைய தனி உரிமை ஆகிவிடாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு, பெரிய வழக்கு ஏதாவது வந்தால் ‘நார்கோ எடு’ என்று முதல் நாளே கோஷம் கிளம்பிவிடுகிறது. உளவியல் என்றாலே இந்த ஊசிதான் என்று மக்கள் நினைத்துக்கொண்டிருப்பது இந்தத் துறைக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் என்பேன். உருப்படியான பங்களிப்பு எந்தக் கருவியிலும் இல்லை. கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் இருக்கிறது. கீழே வருபவற்றில் பாதிக்கு மேல் அதைப் பற்றியதுதான்.

கண்ணால் பார்த்தவரே ‘இவன்தான்’ என்று சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்?

நிறைய வேண்டும். அமெரிக்காவில் டிஎன்ஏ சோதனையால் நிரபராதிகள் என்று நிரூபிக்கப்பட்டு வெளியே வந்தவர்களின் வழக்குகளை இன்னொசன்ஸ் ப்ராஜெக்ட் அமைப்பு தொகுத்திருக்கிறது. அவற்றில் சுமார் 69 விழுக்காட்டில் நேரில் பார்த்தவர் ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருக்கிறார். பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார்கள். சிக்கலே அதுதான்.

ரொனால்டு காட்டன் வழக்கைப் பாருங்கள். 1984இல் வட கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். தாக்கியவனைப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று அந்த நேரத்திலேயே முகத்தை உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டவர் அவர். புகைப்படங்களில் காட்டனைக் காட்டினார், பிறகு ஆட்களை வரிசையாக நிறுத்திய அடையாள அணிவகுப்பிலும் காட்டினார். மறுவிசாரணையின்போது உண்மையான குற்றவாளியையே கோர்ட்டுக்கு அழைத்து வந்து எதிரே நிறுத்தினார்கள். ‘இவரை நான் பார்த்ததே இல்லை’ என்றார். 1995இல் டிஎன்ஏ வந்த பிறகுதான் காட்டன் வீடு திரும்பினார். பத்தாண்டுக்கு மேல் சிறை. காரணம் எளிது: முதலில் புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்ததுமே அவர் மனதிலிருந்த முகம் காட்டனின் முகமாக மாறிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு முறை அடையாளம் காட்டும்போதும் அவர் ஒப்பிட்டது அந்தப் புகைப்படத்தோடுதான்.

நம் ஊருக்கு வருவோம். சாயங்காலம் ஏழு மணி, தெருவிளக்கு பாதி எரிகிறது. பைக்கில் இருவர், ஓட்டுபவன் தலையில் ஹெல்மெட். பின்னால் இருப்பவன் ஒரு கையால் கத்தியைக் காட்டி மறு கையால் தாலிச் சங்கிலியை அறுக்கிறான். அந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்திருக்கக்கூடிய நேரம் சில நொடிகள். அந்த நொடிகளிலும் கண் போனது கத்தி மேல்தான். ஆயுதம் கையில் இருந்தால் முகம் மனதில் சரியாகப் பதியாது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பத்து நாள் கழித்து ‘சங்கிலிப் பறிப்பு ஆசாமிகள் கைது’ என்று வாட்ஸாப்பில் போட்டோ வருகிறது. உறவினர் ஒருவர் அதை அந்த அம்மாவுக்கே அனுப்பி வைக்கிறார். அதற்கப்புறம் நடக்கும் அடையாள அணிவகுப்பில் அவர் யாரைத் தொட்டுக் காட்டுவார்? பைக்கில் வந்தவனையா, போட்டோவில் வந்தவனையா?

இதற்காகத்தான் அணிவகுப்பை போலீஸ் நடத்தக்கூடாது, மாஜிஸ்திரேட் நடத்தவேண்டும், ஒத்த தோற்றமுள்ள மற்றவர்களோடு கலந்து நிறுத்தவேண்டும், தாமதிக்கக்கூடாது, அதற்கு முன்னால் எதிரியையோ படத்தையோ சாட்சி பார்த்திருக்கக்கூடாது என்றெல்லாம் நம் நீதிமன்றங்கள் வலியுறுத்துகின்றன. அணிவகுப்பு துணைச் சான்றுதான், கோர்ட்டில் காட்டுவதுதான் முதன்மைச் சான்று என்பது நம் சட்ட நிலை. உளவியலாளர்களுக்கு இதில் ஒரு முணுமுணுப்பு உண்டு. பல ஆண்டுகள் கழித்துக் கூண்டில் தனியாக நிற்பவரைக் காட்டுவதில் ஞாபகத்துக்கு என்ன சோதனை இருக்கிறது? அங்கே யாரைக் காட்டவேண்டும் என்பது புதிதாக உள்ளே நுழைபவருக்கும் தெரியும்.

ஆய்வுகள் சொல்லும் எளிய திருத்தங்கள் இரண்டு. ‘நீங்கள் பார்த்தவர் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்’ என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்வது. அப்புறம், நடத்துபவருக்கே யார் சந்தேக நபர் என்று தெரியாமல் பார்த்துக்கொள்வது. தெரிந்தால் முகத்திலோ, ‘நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா’ என்கிற குரலிலோ அது வெளிப்பட்டுவிடும். காட்டி முடித்ததும் ‘சரியாச் சொன்னீங்க’ என்று யாராவது சொல்லிவிட்டால், அதுவரை அரைகுறையாக இருந்த உறுதி முழு உறுதியாகிவிடும். பின்னால் குறுக்கு விசாரணையில் அசைக்க முடியாது.

கேள்வி கேட்கும் விதத்தால் ஞாபகமே மாறுமா?

மாறும். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் 1974இல் வெளியிட்ட சோதனை இதில் பழைய உதாரணம். கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார். ஒரு குழுவிடம் கார்கள் ‘தொட்டபோது’, இன்னொன்றிடம் ‘இடித்தபோது’, வேறொன்றிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்று ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். பார்த்தது ஒரே படம். ‘தொட்டபோது’ குழுவின் சராசரி மணிக்கு 31.8 மைல், ‘நொறுங்க மோதியபோது’ குழுவின் சராசரி 40 மைலுக்கும் மேல். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘நொறுங்க மோதிய’ குழுவில் 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். ‘இடித்த’ குழுவில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

ஸ்டேஷனில் சாட்சிகளை விசாரித்து போலீஸ் பதியும் 161 வாக்குமூலம் (இப்போது 180) எழுதும்போது சாட்சி ‘வண்டி இடிச்சுது’ என்பார். காகிதத்தில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதியதில்’ என்று ஏறும். அது வழக்கமான வாசகம், யாரும் சதி செய்யவில்லை. ஆனால் விசாரணைக்கு முன்னால் அதைப் படித்துக் காட்டிக் காட்டி, கடைசியில் சாட்சிக்கே அதிவேகம்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று யாராவது சொல்வார்களா?

அடி விழுந்தால் சொல்வார்கள் என்பது ஊரறிந்தது. அதனால்தான் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். பழைய 25, 26ஆம் பிரிவுகள், இப்போது 23. அடியே இல்லாமலும் சொல்வார்கள் என்பதுதான் உளவியல் சேர்த்த செய்தி. தூக்கமின்மை, ‘உன் கூட்டாளி எல்லாம் சொல்லிட்டான்’ என்கிற பொய், ‘ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போயிடலாம்’ என்கிற நைச்சியம், இவை போதும். 1989இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கில் 14 முதல் 16 வயதுள்ள ஐந்து பையன்கள் சிக்கினார்கள். நால்வர் வீடியோவிலேயே ஒப்புக்கொண்டார்கள். 2002இல் உண்மையான குற்றவாளி தானே முன்வந்து சொல்ல, டிஎன்ஏவும் அவனோடு பொருந்தியது.

யார் எளிதில் வளைவார்கள் என்பதை அளக்க கிஸ்லி குட்ஜான்சன் என்பவர் ஓர் அளவுகோல் செய்திருக்கிறார். ஒரு சிறு கதையைப் படித்துக் காட்டி, அதில் இல்லாததையெல்லாம் இருப்பது போலக் கேள்வி கேட்பார்கள். பிறகு முகத்தைக் கடுமையாக்கி, ‘நிறையத் தப்பாச் சொல்லியிருக்கீங்க, இன்னொரு தடவை கவனமாச் சொல்லுங்க’ என்று அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார்கள். எத்தனை கேள்விக்கு வளைந்து கொடுக்கிறார், எத்தனை பதில் மாறுகிறது என்பதே கணக்கு. வயது குறைந்தவர்கள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் பதில்கள் அதிகம் மாறும்.

ஒப்புதலை எழுதுபவரின் பேனாவும் முக்கியம். ராஜீவ் கொலை வழக்கில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டப்படி எஸ்.பி. நிலை அதிகாரி பதிந்த வாக்குமூலங்கள் செல்லுபடியாயின. பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகச் சொன்ன பேரறிவாளன், எதற்கென்று தனக்குத் தெரியாது என்று சேர்த்துச் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, பதிந்த அதிகாரி தியாகராஜனே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானது வேறு காரணத்தால், அதாவது அமைச்சரவைப் பரிந்துரை மீது ஆளுநர் காட்டிய தாமதத்தால். ஆனால் வாக்குமூலத்தை ஆடியோ, வீடியோவில் பதியவேண்டும் என்று உளவியலாளர்கள் ஏன் விடாமல் கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்கு வேண்டாம்.

‘மனநிலை சரியில்லை’ என்று சர்டிஃபிகேட் வாங்கினால் கொலைக் கேஸிலிருந்து தப்பிக்கலாமா?

சினிமா வக்கீல்கள் தப்பிக்க வைப்பார்கள். நிஜத்தில் இந்த வாதம் ஜெயிப்பது மிக அரிது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. வேர் 1843இல் இருக்கிறது. இங்கிலாந்துப் பிரதமர் ராபர்ட் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளரைச் சுட்டுக்கொன்ற டேனியல் மெக்நாட்டன் விடுதலையானபோது எழுந்த கூச்சலில், நீதிபதிகள் வகுத்துக் கொடுத்த விதி அது. நோய் இருந்ததா என்பதல்ல கேள்வி. செய்கிற அந்த நேரத்தில், தான் என்ன செய்கிறோம் என்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்குப் புறம்பானது என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா? அதுதான் கேள்வி. இருபது வருடமாக மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும், செய்துவிட்டு ஓடினார், கத்தியை ஒளித்தார், ரத்தக்கறைச் சட்டையைத் துவைத்தார் என்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

நிரூபிக்கும் சுமை எதிரியின் மேல். ஆனால் அரசுத் தரப்பு அளவுக்கு ஐயமறக் காட்டவேண்டியதில்லை, இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று 1964இல் தஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. (அந்த வழக்கில் எதிரியின் வாதம் எடுபடவில்லை.) நடைமுறைச் சிக்கல் வேறு: சம்பவம் நடந்து பல மாதம் கழித்துத்தான் மனநல மருத்துவர் அவரைப் பார்க்கிறார். அன்றைய நிலையை இன்று எப்படிச் சொல்வது? பழைய ஓபி சீட்டுகள், அக்கம்பக்கத்தார் சொல்வது, கைதான அன்று ஸ்டேஷனில் எப்படி இருந்தார் என்பது, இவைதான் கை கொடுக்கும். வீட்டார் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருப்பது நல்லது.

வாதம் ஜெயித்தாலும் உடனே வீட்டுக்குப் போய்விட முடியாது. பாதுகாப்பான காவலிலோ, பொறுப்பேற்று எழுதிக்கொடுக்கும் உறவினரிடமோதான் ஒப்படைப்பார்கள். தண்டனைக் காலத்தைவிட அதிக காலம் மனநலக் காப்பகத்திலேயே கழித்தவர்கள் உண்டு. இன்னொன்று, செய்யும்போது நன்றாக இருந்து, விசாரணை நேரத்தில் நோய் முற்றியிருந்தால் அது தனிக் கதை. குணமாகும்வரை வழக்கைத் தள்ளிவைப்பார்கள்.

சின்னக் குழந்தையின் சாட்சியத்தை நம்பலாமா?

சரியாகக் கேட்டால் நம்பலாம். எத்தனை வயதுக்கு மேல் என்று சட்டம் வரம்பு வைக்கவில்லை. கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் போதும். நீதிபதி முதலில் ‘எந்த ஸ்கூல், என்ன கிளாஸ், பொய் சொல்றது சரியா?’ என்று கேட்டுப் பார்ப்பார்.

கெட்டுப்போவது பெரியவர்களால். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டாலே, முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று குழந்தை மாற்றிச் சொல்லிவிடும். டீச்சர் வகுப்பில் அப்படித்தானே செய்கிறார்? ‘அந்த மாமா உன்னைத் தொட்டாரா?’ என்பதைவிட ‘அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றியா?’ என்று விட்டுவிடுவதே நல்லது. கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983இல் தொடங்கி 1990 வரை இழுத்து, ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் முடிந்தது. குழந்தைகளிடம் பதிலைத் திணித்துக் கேட்டதே அதில் பெரிய ஓட்டை. அங்கே உண்மையாகவே ஏதாவது நடந்திருந்தால்கூட இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இதைப் படித்துத்தான் எழுதப்பட்டது போலிருக்கிறது. போலீஸ் சீருடையில் வரக்கூடாது, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ கேட்கவேண்டும், எதிரியைப் பார்க்க விடக்கூடாது, அடிக்கடி இடைவேளை தரவேண்டும். எனக்கு இதில் பிடித்தது 33ஆம் பிரிவு: வக்கீல் குழந்தையிடம் நேராகக் கேட்க முடியாது. நீதிபதியிடம் கொடுக்கவேண்டும், அவர்தான் கேட்பார். சட்டம் பிரமாதம். எல்லா ஊர் கோர்ட்டு வராந்தாவிலும் குழந்தையும் எதிரியும் எதிரெதிர் பெஞ்சில் உட்காராமல் இருக்கிறார்களா என்பதைப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

17 வயதுப் பையனைப் பெரியவர் போல விசாரிக்கலாமா? யார் முடிவு செய்வது?

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால் இளைஞர் நீதிக் குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்யவேண்டும். செய்யும் உடல், மனத் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது. குழந்தை உளவியல் படித்தவர் குழுமத்தில் இல்லையென்றால் வெளியிலிருந்து நிபுணரின் உதவியைப் பெற்றே ஆகவேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறும் ஐக்யூ எண்ணை வைத்து முடிவெடுப்பது வழக்கமாகி வந்ததால் இது தேவைப்பட்டது. கணக்கு நன்றாகப் போடும் பையனுக்குக் கோபம் தலைக்கேறும்போது பின்விளைவு தெரியும் என்று அர்த்தமில்லை.

ப்ரொஃபைலிங் பற்றிச் சொல்லவே இல்லையே?

குற்றம் நடந்த விதத்தை வைத்து, செய்தவர் எப்படிப்பட்டவர் என்று ஊகிப்பது அது. விசாரணைக்குத் திசை காட்டலாம், சான்றாகாது. 1992இல் லண்டன் விம்பிள்டன் திடலில் ஒரு இளம்பெண் கொல்லப்பட்டபோது, உளவியலாளர் வரைந்த சித்திரத்துக்குப் பொருந்துகிறார் என்று காலின் ஸ்டாகை போலீஸ் குறிவைத்தது. பெண் போலீஸ் ஒருவரைக் காதலிப்பது போல் பழகவிட்டு மாதக்கணக்கில் வலை விரித்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. 1994இல் நீதிபதி அந்தச் சான்றைத் தூக்கி எறிந்தார். 2008இல் வேறொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தூக்குத் தண்டனை வழக்குகளில் உளவியலாளருக்கு இடம் உண்டா?

இப்போது உண்டு, அதுவும் பெரிய இடம். திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசுதான் காட்டவேண்டும் என்று 1980இல் பச்சன் சிங் தீர்ப்பே சொன்னது. நடைமுறையில், தீர்ப்பு நாளன்று ‘எனக்கு வயதான தாய் இருக்கிறார்’ என்று எதிரி சொல்லும் ஒரு வரியோடு அது முடிந்துவிடும். 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, மனநல, உளவியல் மதிப்பீட்டு அறிக்கையை அரசுத் தரப்பு விசாரணை நீதிமன்றத்திலேயே வைக்கவேண்டும் என்றது.

தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று. கடலூர் மாவட்டத்தில் 2009இல் ஏழு வயதுச் சிறுவனைக் கடத்திக் கொன்ற வழக்கில் தூக்கு உறுதியாகி, மறுசீராய்வு மனுவும் தள்ளுபடியானது. 2023 மார்ச்சில் அது மீண்டும் விசாரணைக்கு வந்தபோது, எந்த நீதிமன்றமும் இந்த மனிதரின் பின்னணியையோ திருந்தும் வாய்ப்பையோ உருப்படியாகப் பார்க்கவே இல்லை என்பது தெரிந்தது. சிறையில் கேட்டரிங் டிப்ளமோ முடித்திருந்தார். தப்பிக்க முயன்றதும் பதிவில் இருந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்து, தண்டனைக் குறைப்பு இல்லாமல் குறைந்தது 20 ஆண்டு கழிக்கவேண்டிய ஆயுள் சிறையாக மாற்றினார்கள். செத்தது வீட்டின் ஒரே ஆண் பிள்ளை என்பதைக் கூடுதல் கொடூரமாகக் கணக்கில் எடுத்த பழைய தீர்ப்பின் வரியையும் கண்டித்தார்கள். குற்றத்தின் கொடூரத்தை யாரும் குறைத்துச் சொல்லவில்லை.

2014 ஜனவரியில் 15 பேரின் தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டதே, அதில் வீரப்பன் கூட்டாளிகள் நால்வருக்குக் காரணம் கருணை மனு மீதான தாமதம். தண்டனைக்குப் பின் வந்த மனநோயும் தூக்கை நீக்கக் காரணமாகும் என்று அதே தீர்ப்பு ஏற்றது.

நீதிபதிக்கும் மனசு உண்டே?

இஸ்ரேல் பரோல் வாரியங்களை வைத்து 2011இல் ஒரு ஆய்வு வந்தது. காலையில் 65 விழுக்காடு அளவில் இருந்த சாதகத் தீர்ப்பு, சாப்பாட்டு இடைவேளை நெருங்க நெருங்க ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கி, சாப்பிட்டதும் ஏறியது என்று. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். வக்கீல் இல்லாத கைதிகளின் மனுக்கள் ஒவ்வொரு அமர்விலும் கடைசியில் வருவதே காரணமாக இருக்கலாம் என்று பிறகு மறுப்பு வந்தது. பசியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் கேஸ் பட்டியலை யார் போடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

நான் இந்தத் துறைக்கு வர என்ன படிக்கவேண்டும்?

உளவியலில் முதுகலை, அப்புறம் மருத்துவ உளவியலில் பயிற்சி, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு. தடயவியல் பக்கம் போக காந்திநகரின் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தனிப் படிப்புகள் உண்டு. மருந்து எழுதும் மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. சம்மன் அனுப்பும்போது கோர்ட்டே சில சமயம் குழப்பிக்கொள்ளும். வேலை இளைஞர் நீதிக் குழுமங்களிலும் சிறைகளிலும் தடய ஆய்வகங்களிலும் போக்சோ வழக்குகளிலும் இருக்கிறது. சம்பளம் சுமார்தான். கூண்டேறி, ‘இதை உங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியுமா, முடியாதா?’ என்று வக்கீல் மிரட்டும்போது, ‘இவ்வளவுதான் சொல்ல முடியும்’ என்று பதறாமல் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள்.